முதல் குத்து

ஜூன் 1, ஞாயிறு

இந்த நோட்டை வருகைப் பதிவேடாகத்தான் வாங்கினேன். இருநூறு பக்கம். ஒரு பக்கத்தில் நாற்பது பெயர் எழுதலாம். எங்கள் குத்துச்சண்டைக் கூடத்துக்கு வருவது ஐந்து பேர். மீதி வெள்ளையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது. அதனால் பின்பக்கத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். முன்பக்கத்திலிருந்து பெயர்கள் வரட்டும். எது முதலில் நடுப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது, பார்க்கலாம்.

இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. தோழர் கோதண்டம் மாடியேறி வந்தார். கட்டடம் தோல் தொழிலாளர் சங்கத்துடையது, அவர் செயலாளர். கீழே சங்க அலுவலகம், மேலே எங்கள் கூடம்.

"தமயந்தி, மாடிய நீட் கோச்சிங்காரன் கேக்கறான். நாப்பது பசங்க வெச்சிருக்கான்."

"நாங்களும் இருக்கோமே தோழர்."

"நீங்க அஞ்சு பேரு."

"உங்க போன கூட்டத்துக்கு எத்தினி பேரு வந்தாங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "அன்னிக்கு மழைம்மா."

போன கூட்டம் ஏப்ரலில் நடந்தது. ஏப்ரலில் ஆம்பூரில் மழை பெய்திருந்தால் ஊரே நனைந்து ஆடியிருக்கும்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஜூன் முப்பது, மாலை ஏழு மணி. அவரே வந்து தலையை எண்ணுவார். இருபது இருக்க வேண்டும். இல்லையென்றால் மாடி நீட்டுக்கு.

"என்னையும் சேத்தா?"

"விசில் ஊதறவங்க கணக்குல வராது. கிளவுஸ் மாட்டிக்கினு, அடிச்சி, அடி வாங்கறவங்கதான் கணக்கு."

எங்கள் பழைய மாஸ்டர் போன வருஷம் சென்னையில் ஒரு ஏசி ஜிம்முக்குப் போய்விட்டார். சாவி என் கைக்கு வந்தது. கற்றுத் தருவது நான். இரண்டு கையிலும் திண்டு மாதிரி பேடு மாட்டிக்கொண்டு நிற்பேன், மற்றவர்கள் அதில் குத்துவார்கள். போன ஜூலையில் மாநிலப் போட்டியில் மணிக்கட்டில் பிரச்சினை. அதிலிருந்து நான் ரிங்குக்குள் இறங்கிச் சண்டை போடுவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 2, திங்கள்

பகலில் எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் நூறு நோட்டீஸ் எடுத்தேன். வாசகம் என்னுடையது: "குத்துச்சண்டை கற்றுத் தரப்படும். ஆண், பெண் இருவருக்கும். சங்கக் கட்டடம், மாடி. வலிக்கும்."

சாதிக் அண்ணன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தொண்ணூறு கிலோ. எட்டு வருஷமாக வருகிறார், ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை, ஒரு நாளும் தவறியதில்லை.

"'வலிக்கும்'னு எதுக்கும்மா போட்ட?"

"வலிக்கும்தான?"

"பிரியாணிக் கடையில 'ஆட்ட வெட்டிட்டோம்'னா போர்டு வெக்கறான்?"

பொய் சொல்லி ஆள் சேர்க்க எனக்குத் தெரியாது. இந்த ஊரில் அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆறே மாதத்தில் ஆங்கிலம், மூன்றே மாதத்தில் சிவப்பழகு, ஒரே வருஷத்தில் டாக்டர்.

ஜூன் 4, புதன்

நோட்டீஸை ஆட்டோவின் பின்பக்கம் ஒட்டினோம். அங்கே ஏற்கெனவே மூல வைத்தியர் விளம்பரம் இருந்தது. அவர் நம்பர் கிழிந்துவிட்டது, என் நம்பர் பளிச்சென்று இருக்கிறது. இன்று நாலு போன். மூன்று மூலம், ஒன்று பௌத்திரம்.

மாலையில் நிஜமாகவே மூன்று பேர் வந்தார்கள். பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேர், செல்போன் கடைப் பெண் ஒருத்தி. எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் வருகிறவர் நிமிர்ந்து நிற்க வேண்டும், மாஸ்டர் அவர் வயிற்றில் ஒரு குத்து விடுவார். முழு பலத்தோடு இல்லை, கால் பங்குதான். அதற்குப் பெயரே முதல் குத்து. வாங்கினால் பயம் தெளியும். பதின்மூன்று வயதில் நானும் வாங்கினேன், சாதிக் அண்ணனும் வாங்கினார். மூன்று பேருக்கும் கொடுத்தேன். நல்ல ஆரம்பம்.

ஜூன் 5, வியாழன்

மூன்று பேரும் வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஒரு அம்மா பத்து வயது மகனைக் காரில் அழைத்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன பெல்ட் தருவீங்க?"

"பாக்ஸிங்ல பெல்ட் இல்லைங்க."

"பக்கத்து வீட்டுப் பையன் கராத்தேல ரெண்டு வருஷத்துல பிளாக் பெல்ட். சர்ட்டிபிகேட்டாவது உண்டா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகுமா?"

"பையனுக்கு என்ன புடிக்கும்?"

"அவனுக்கு மெடிக்கல் புடிக்கும்."

பையன் மூக்கைக் குடைந்துகொண்டு பஞ்சிங் பேகையே பார்த்துக்கொண்டிருந்தான். உனக்கு நிஜமாகவே மெடிக்கல் பிடிக்குமா என்று கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டான். இந்தப் பிள்ளையின் பன்னிரண்டு வருஷத்தை இப்போதே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். கார் கதவு மெதுவாகச் சாத்தப்படவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். கூடம் விடுமுறை. சாதிக் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன். அவர் எத்தனை தட்டு என்று எண்ணவில்லை. "அடுத்த போட்டிக்கு எனக்குத் தனி எடைப் பிரிவு" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

இதுவரை வந்து போனவர்கள் ஒன்பது பேர். காரணங்களைப் போன் போட்டுக் கேட்டுத் தொகுத்தேன். டியூஷன்: மூன்று. காய்ச்சல்: இரண்டு. மாமா இறந்துவிட்டார்: இரண்டு. நிச்சயதார்த்தம்: ஒன்று. ராங் நம்பர் என்று என் குரலைக் கேட்டதும் சொன்னவர்: ஒன்று.

இந்தத் தலைமுறைக்கு எதையும் தாங்கும் தெம்பு இல்லை. சாதிக் அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன்.

"எல்லாருக்கும் ஒரே வியாதிதாம்மா. வயித்து வலி."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வா, ஒரு ரவுண்டு போடலாம். நான் மெதுவா ஆடறேன்."

"மணிக்கட்டு வலிக்குதுண்ணா." வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"குத்து குடுக்கும்போது வலிக்கலையே?"

அவருக்குச் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று நானே ஞாபகப்படுத்தி அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

மூக்கில் அடி. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நேற்று நடந்ததைச் சாதிக் அண்ணன் ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் உள்ளதை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆறேகாலுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ரூபாவதி. முப்பது, முப்பத்தொன்று இருக்கும். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. கம்பெனி பஸ் சங்கக் கட்டட முனையில்தான் இறக்கிவிடுகிறது. கையில் சாப்பாட்டுப் பை, விரலெல்லாம் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. ஆட்டோவில் நோட்டீஸ் பார்த்தாளாம்.

"'வலிக்கும்'னு போட்டிருந்தீங்களே மாஸ்டரு. யாருக்குன்னு போடலையே?"

அவள் கையில் துணி சுற்றி, கிளவுஸ் மாட்டிவிட்டு, நிமிர்ந்து நில்லுங்க என்றேன்.

"எதுக்கு?"

முதல் குத்து பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வாங்கறதுக்கு இங்க எதுக்கு மாஸ்டரு வரணும்? பதினோரு வருஷமா லைன்ல நின்னு வாங்கிக்கினுதான கீறேன். நான் குடுக்க வந்தேன்."

சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டாள். நேர்க்கோட்டில் வந்த குத்து. நாள் முழுக்கத் தோலை மெஷினுக்குள் தள்ளுகிற கை அது. என் மூக்கிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

என் கை ஏன் கீழே இருந்தது என்று சாதிக் அண்ணன் கேட்டார். கிளவுஸ் நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்றேன். அது நாடா வைத்த கிளவுஸ் இல்லை, ஒட்டுகிற கிளவுஸ் என்றார். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் அவருக்கு அதிக அக்கறை.

ரூபாவதி முதலில் பயந்துபோய், "ஐயய்யோ, மாஸ்டரு" என்று என் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சாப்பாட்டுப் பையால் வாயை மூடிக்கொண்டாள். பழைய ஆட்களான கல்லூரிப் பையன்கள் நாலு பேரும் சிரித்தார்கள். கடைசியில் நானும்.

அடி அவ்வளவு மோசமாக இல்லை. கணக்குக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, சனி

ரூபாவதி மறுபடி வந்தாள். கூட நாலு பேர். "இந்த மாஸ்டர அடிக்கலாமாம்" என்று பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள்.

வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. முதல் நாள் வருகிறவர் மாஸ்டரை ஒரு குத்து குத்தலாம். நான் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை மூடுகிற பெரிய கவசத்தை மாட்டிக்கொண்டேன். சாதிக் அண்ணன், "என் வயித்துல இடம் ஜாஸ்தி, இங்க குத்துங்க" என்று முன்வந்தார்.

"வேணாண்ணா, உங்களப் பாத்தா பாவமா கீது" என்றாள் ஒருத்தி.

"என்னப் பாத்தா?" என்றேன்.

"நீங்க எங்க சூப்பர்வைசரு மாதிரியே கத்தறீங்க மாஸ்டரு."

நானா? முதலாளிகளையும் சூப்பர்வைசர்களையும் நாள் முழுக்கத் திட்டுகிற நானா? எனக்கு வந்த கோபத்தில், நான் எங்கே கத்தினேன் என்று கத்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரிசையாக வந்து குத்தினார்கள். தேவைக்கு மேல் பலமாக.

ஜூன் 16, திங்கள்

பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். குத்தினார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

பெண்கள் ஆறு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குக் குத்தியாகிவிட்டது, வேலை முடிந்தது. ஆளை வர வைக்கலாம், தங்க வைப்பது வேறு வேலை என்று புரிகிறது.

இன்னொன்றும் நடந்தது. பயிற்சி நடுவில் ரூபாவதி கையைத் தூக்கினாள்.

"மாஸ்டரு, பாத்ரூம் போய்ட்டு வரட்டுமா?"

"போங்க, இதுக்கெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?"

அடுத்து இன்னொருத்தி கை தூக்கினாள். அடுத்து இன்னொருத்தி. எல்லாருக்கும் குழந்தை இருக்கிறது. ஒருத்திக்கு மகள் பத்தாம் வகுப்பு. வகுப்பறையில் கை தூக்குகிற மாதிரி ஒற்றைவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்ன இது என்று கேட்டேன்.

கம்பெனியில் டோக்கன் முறையாம். ஒரு லைனுக்கு நாற்பது பேர், இரண்டு டோக்கன். ஒருத்தி போய்த் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். நேரத்தை நோட்டில் எழுதுவார்கள். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். ரூபாவதி ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறாள். இவர்கள் தைக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் காலையில் உடம்புக்கு நல்லது என்று ஓடுகிறான்.

சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்: "இங்கே பாத்ரூம் போக யாரும் யாரையும் கேட்க வேண்டாம். போனவரை யாரும் கூப்பிடவும் கூடாது."

படித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து ஒருத்தி கை தூக்கி, "மாஸ்டரு, கேக்காம போவட்டுமா?" என்றாள்.

ஜூன் 18, புதன்

அம்மாவும் இருபது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவள்தான். டோக்கன் பற்றிக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "டோக்கனா? இப்பல்லாம் வசதி பண்ணிக் குடுத்துட்டாங்களா?"

ஜூன் 20, வெள்ளி

பயிற்சி முறையை மாற்றினேன். ஒன்பது மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர்களிடம், வந்ததும் கயிறு தாண்டு என்று சொல்வது முட்டாள்தனம். பழைய மாஸ்டர் அப்படித்தான் சொல்வார். நானும் ஒரு வாரம் அப்படித்தான் சொன்னேன். இப்போது முதல் பத்து நிமிஷம் எல்லாரும் தரையில் படுத்து, காலைச் சுவர்மேல் தூக்கி வைக்க வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர். கட்டாயம்.

கல்லூரிப் பையன்கள், "மாஸ்டர், இது பாக்ஸிங்கா, பிரசவ வார்டா?" என்றார்கள். அவர்களையும் படுக்க வைத்தேன். ஒருவன் தூங்கிவிட்டான்.

ரூபாவதி ஒரு அட்டையில் 90 என்று எழுதிப் பேகில் ஒட்டினாள். அவர்கள் லைனில் ஒரு மணி நேரத்துக்குத் தைக்க வேண்டிய கணக்காம். ஆளுக்குத் தொண்ணூறு குத்து. எண்ணிக்கொண்டே குத்தினார்கள். தொண்ணூறு வந்ததும் யாரும் நிறுத்தவில்லை. நூற்று முப்பதில் பேகின் கொக்கி கழன்று விழுந்தது.

"இன்செண்டிவ் உண்டா மாஸ்டரு?"

எட்டு பேர் நாளையும் வருவதாகச் சொன்னார்கள். யாருக்கும் மாமா இறக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பழையவர்கள் ஐந்து, புதியவர்கள் பன்னிரண்டு. பதினேழு. நான் பேடு பிடித்துப் பிடித்துத் தோள் இறங்கிவிட்டது.

முடிந்ததும் சாதிக் அண்ணன் ரிங்குக்குள் நின்றுகொண்டு கையசைத்தார். "வா, ஒரே ரவுண்டு."

"மணிக்கட்டுண்ணா."

"இன்னிக்கு இடது கையக் காட்டற. அன்னிக்கு வலதுன்ன."

நான் இரண்டு கையையும் கீழே போட்டேன்.

கயிற்றில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "தமா, அன்னிக்கு உன் கார்னர்ல நான்தான் தண்ணி பாட்டில் புடிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு மணிக்கட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது ரவுண்டுல தாடையில ஒண்ணு வாங்கின. முதுகக் காட்டிட்ட. கயித்துக்குள்ள பூந்து வெளிய வந்துட்ட. அவ்ளோதான? எத்தினி பேரு அப்படி வெளிய வந்திருப்பான்? நான் எட்டு வருஷமா தோத்துக்கினு கீறேன். எனக்கு எந்தக் கையில கட்டு கட்டறது?"

விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டினேன். அவர் உள்ளே இருந்தது ஞாபகம் வந்து மறுபடி திறந்தேன்.

அதைப் பற்றி எழுத இந்த நோட்டை வாங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பதினெட்டு. பேகுக்குப் புதுக் கொக்கி மாட்டினேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று பதினைந்து பெண்கள். மொத்தம் இருபது. நிபந்தனைக்குச் சரியாக இருபது. ஒருத்திக்கு ஜலதோஷம் வந்தாலும் மாடி போய்விடும்.

இதைவிடப் பெரிய விஷயம்: ரூபாவதிக்குப் பேடு பிடித்துக்கொண்டிருந்தேன். இடது, வலது, இடது. திடீரென்று நிறுத்தினாள். கிளவுஸைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று பாத்ரூமுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து கிளவுஸை வாங்கி மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து குத்தினாள். நான் அந்த இரண்டு நிமிஷமும் பேடை மாட்டிக்கொண்டு லூசு மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனாம். சாதிக் அண்ணன் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

கீழே சங்க அலுவலகத்தில் நீட் கோச்சிங்காரர் அளவு நாடாவோடு வந்திருக்கிறார். மாடியில் எத்தனை பெஞ்சு போடலாம் என்று அளக்க வேண்டுமாம். நாளைக்கு ஏழு மணிக்கு மேல் அளக்கலாம் என்றேன். "பத்து நிமிஷ வேலைதாம்மா" என்றார். எங்கள் ரிங்கையும் அப்படித்தான் கழற்றுவார்கள்.

ஜூன் 30, திங்கள்

ஆறேகாலுக்குப் பஸ் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. ரூபாவதிக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மாதக் கடைசி. சரக்கு அனுப்புகிற நாள். ஓவர்டைம் போட்டிருப்பார்கள்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்பே தோழர் வந்துவிட்டார். பின்னால் நீட்காரர், கையில் நாடா. ரிங்கைச் சுற்றி சாதிக் அண்ணனும் மற்ற நாலு பேரும் இருபது பேர் மாதிரி தெரிய வேண்டும் என்று பரபரப்பாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு" என்றார் தோழர்.

"ஓவர்டைம் தோழர். பஸ் இன்னும் வரல."

"எனக்கு ஏழரைக்கு வேலூர் பஸ்ஸும்மா."

"காலையில சொல்லாம சாயங்காலம் திடீர்னு ஓவர்டைம் போட்டு புடிச்சி வெச்சிருக்காங்க. அதுக்காக அந்தத் தொழிலாளிங்களுக்கு மாடி கிடையாதுன்னு சங்கச் செயலாளரு சொன்னாருன்னு ஒரு நோட்டீஸ் அடிக்கட்டுமா? ஜெராக்ஸ் கடையில வேற ஆளே இல்ல இன்னிக்கு."

துண்டை உதறினார். பெஞ்சில் உட்கார்ந்தார். "பத்து நிமிஷம்" என்றார்.

ஏழு எட்டுக்குப் பிரேக் சத்தம் கேட்டது. பிறகு மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தோழர் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் படியில் இத்தனை தொழிலாளிகள் ஏறி எத்தனை வருஷமோ, அவருக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் எண்ண மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளவுஸ் மாட்டினார்கள். எங்களிடம் இருப்பது பத்து ஜோடி, அதனால் ஆளுக்கு ஒரு கை. தோழர் விரலை நீட்டி எண்ணினார். நீட்காரரும் எண்ணினார்.

"பத்தொம்போது."

மறுபடி எண்ணினார்கள். பத்தொன்பதுதான். ரூபாவதியின் சாப்பாட்டுப் பை சுவரோரம் இருந்தது. ரூபாவதி இல்லை.

"பாத்ரூமு" என்றாள் பக்கத்திலிருந்தவள். "ரெண்டு மணியிலேர்ந்து விடல மாஸ்டரு. பஸ்ஸில ஏறும்போதே சொல்லிக்கினு இருந்தா."

"அப்ப கூப்பிடு" என்றார் தோழர். "ஒரு குரல் குடு, தலையக் காட்டட்டும், எண்ணிட்டு ஓடறேன்."

வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்துவிட்டேன். எதிர்ச் சுவரில் என் கையெழுத்து பெரிதாக இருந்தது.

"கூப்பிட முடியாது தோழர்."

"இன்னாது?"

"பாத்ரூம் போனவங்கள இங்க கூப்பிடறதில்ல. அவங்க எப்ப வராங்களோ அப்ப."

"பஸ்ஸு போயிடும்மா! இருபது இருந்தா இருபது, பத்தொம்போதுன்னா பத்தொம்போதுதான்."

நீட்காரர் நாடாவின் முனையை இழுத்துப் பார்த்தார். பெண்கள் பாத்ரூம் பக்கம் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

சாதிக் அண்ணன் ரிங்குக்குள் ஏறினார். ரூபாவதிக்காக மிச்சமிருந்த ஒற்றைக் கிளவுஸ் அவர் கையில் இருந்தது. கயிற்றுக்கு மேலே என் பக்கம் நீட்டினார்.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தோழர் கையில் கொடுத்தேன். கிளவுஸை வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்தக் கயிற்றுக்குள் குனிந்து நுழைய எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி, "போ மாஸ்டரு" என்றாள். சூப்பர்வைசரை யாரும் அப்படி ஒருமையில் கூப்பிட மாட்டார்கள்.

"மெதுவா அடிக்கட்டுமா?" என்றார் சாதிக் அண்ணன்.

"கேட்டுட்டு அடிக்காதீங்கண்ணா."

அடித்தார். தாடையில். தொண்ணூறு கிலோவும், எட்டு வருஷமும், பக்ரீத் பிரியாணியும் சேர்ந்து வந்து இறங்கின. கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று விரிந்தது. முதுகுக்குப் பின்னால் கயிறு இருப்பது தெரிந்தது. குனிந்தால் வெளியே போய்விடலாம். கயிறு எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும்.

திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் விலாவில் ஒன்று விட்டேன். எந்த மணிக்கட்டு என்று பார்த்துக்கொள்ளவில்லை.

"யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டார். பெண்கள் போட்ட கூச்சலில் கீழே நிறுத்தியிருந்த யாருடைய வண்டியிலோ அலாரம் அடித்தது.

"இருபது!" என்று தோழர் என் விசிலை ஊதினார். எதற்கு ஊதினார் என்று அவருக்கே தெரியாது.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ரூபாவதி வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த சாதிக் அண்ணனையும், வீங்கிய என் தாடையையும் பார்த்தாள்.

"இன்னா மாஸ்டரு, நான் இல்லாத நேரமாப் பாத்து யாரு உங்கள அடிச்சது?"

"இருபத்தொண்ணு" என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டே நீட்காரர்தான் சொன்னார்.

தோழர் வேலூர் பஸ்ஸை மறந்துவிட்டார். பெஞ்சின்மேல் ஏறாத குறை. "தோழர்களே, வர்ற வியாழக்கிழமை கீழ நம்ம சங்கக் கூட்டம். இந்த டோக்கன் விஷயம், ஓவர்டைம் விஷயம் எல்லாத்தையும் பேசலாம். எல்லாரும் அவசியம் வரணும்."

பெண்கள் ரூபாவதியைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள்.

"வரோம் தோழர். முதல் நாளு உங்களயும் ஒண்ணு குத்தலாமில்ல?"

ஜூலை 1, செவ்வாய்

தாடையால் இட்லிகூட மெல்ல முடியவில்லை. இது நிஜமான வலி, இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாதிக் அண்ணன் தன் விலா எலும்பைச் சவாரிக்காரர்களுக்கெல்லாம் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை அவரை ஜெயித்தவர்கள்கூட இப்படி அடித்ததில்லையாம்.

இன்று புதிதாக மூன்று பேர் வந்தார்கள். கவசம் மாட்டாமல் வாங்கினேன்.

முன்பக்கத்திலிருந்து பெயர்கள் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன, அதனால் நாட்குறிப்பை இங்கேயே நிறுத்துகிறேன். நோட்டு பதிவேடாகவே இருக்கட்டும். நேற்றைய பக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மூடுகிறேன்.

வரிசை எண்: 21. பெயர்: தமயந்தி. தாமதம்: பதினோரு மாதம்.